தண்ணீர் லாரிக்காரர் எடுத்த எட்டு நிமிடத் திகில்

வின்னிபெக் நகரத்தில் சினிமாவுக்காக உயிரை விட்டவர்கள் ஏராளம். அவர்களில் காய்ந்த தரையில் விழுந்து செத்தவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. இந்தப் பெருமை முழுவதும் ஒரே மனிதரைச் சேரும். ஓரெஸ்ட் பிரிஸ்தூபா, வயது ஐம்பத்தெட்டு. தண்ணீர் லாரியின் சொந்தக்காரர், ஓட்டுநர், குழாய் பிடிப்பவர் ஆகிய மூன்று பதவிகளையும் முப்பத்தொரு வருடமாக ஒருவராகவே வகித்து வருகிறார்.

லாரிக்கு ஆரஞ்சு நிறம். இரண்டு கதவிலும் பச்சை எழுத்தில் ‘பிரிஸ்தூபா வாட்டர்’ என்று எழுதியிருக்கும். டிசம்பர் பிறந்தால் பேட்டை பேட்டையாகப் போய் ஹாக்கி மைதானங்களில் தண்ணீர் பாய்ச்சுவார். அது உறைந்ததும் பிள்ளைகள் மட்டையோடு இறங்குவார்கள். பனி உருகி மே மாதம் வந்துவிட்டால் அதே லாரியும் அதே தண்ணீரும் கொலைகாரர்களுக்கு. குளிர்காலத்தில் ஹாக்கி, கோடையில் கொலை. நடுவில் ஏப்ரலில் லாரிக்கு எண்ணெய் மாற்றுவார்.

திகில்படத்துத் தெரு ஏன் எப்போதும் நனைந்தே கிடக்கிறது என்று வெளியாட்கள் யாராவது கேட்டால் ஓரெஸ்ட் அவர்களை இரக்கத்தோடு பார்ப்பார். காய்ந்த தரை வெளிச்சத்தைத் தின்றுவிடும். நனைந்த தரை வாங்கியதை இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும். ஒரு தெருவிளக்குக்கு இரண்டு விளக்கு, ஒரு கெட்டவனுக்கு இரண்டு கெட்டவன். தயாரிப்பாளருக்கு இதைவிடச் சல்லிசான சரக்கு உலகத்தில் கிடையாது. வானத்தில் மேகமில்லை, ஒருவர் கையிலும் குடையில்லை, பிறகு தெரு எப்படி நனைந்தது என்று எந்த ரசிகனும் இதுவரை கேட்டதில்லை. அப்படிக் கேட்கத் தோன்றாமல் நனைப்பதற்குத்தான் ஓரெஸ்டைக் கூப்பிடுகிறார்கள்.

“முதல் தண்ணி தரைக்கு, ரெண்டாவது தண்ணி நிறத்துக்கு, மூணாவது தண்ணிதான் கேமராவுக்கு” என்பது அவருடைய கொள்கை. எக்ஸ்சேஞ்ச் வட்டாரத்தில் பழைய கிடங்குகளுக்கு நடுவே ஓடும் செங்கல் சந்துகள் நூறு வருடத் தாகத்தோடு கிடப்பவை. முதல் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருக்கும். இரண்டாவதில் கருக்கும். மூன்றாவதில்தான் கண்ணாடியாகும். ஜூலை வெயிலில் அந்தக் கண்ணாடிக்கு ஆயுள் ஒன்பது நிமிடம். அதற்குள் நாயகன் ஓடி, விழுந்து, வசனம் பேசிச் செத்துவிட வேண்டும். தாமதமாகச் சாகும் நடிகர்களை ஓரெஸ்டுக்குப் பிடிக்காது.

கண்ணாடியில் ஒரு சங்கடம் உண்டு. எதிரில் என்ன நின்றாலும் அதைத் தலைகீழாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தெரு பளபளத்த அடுத்த நொடி வாக்கி-டாக்கியில் ஒரு குரல் வரும்.

“தண்ணி லாரி, ரோட்டுல தெரியிற. நகரு.”

உதவி இயக்குநர்கள் மாறினார்கள், சிலர் மணமுடித்தார்கள், சிலர் மணம் முறித்தார்கள், ஒருவன் பாதிரியாராகவே போய்விட்டான். வாசகம் மட்டும் மாறவில்லை. கண்ணாடியைச் செய்தவன் முதல் வேலையாக அதிலிருந்து விலகிப் போக வேண்டும். ஓரெஸ்ட் முப்பத்தொரு வருடமாக விலகிக்கொண்டிருந்தார்.

ஊருக்கும் இதே தலைவிதிதான். படத்தில் வின்னிபெக் தன்னைச் சிகாகோ என்று சொல்லிக்கொள்ளும், ஆள் பார்த்து நியூயார்க் என்றும் சொல்லிக்கொள்ளும். சொந்தப் பெயரோடு திரையில் வந்தது கிடையாது. ஆனால் ஊருக்கு மைத்துனன் இல்லை. ஓரெஸ்டுக்கு இருந்தான்.

போஹ்டான் பல் மருத்துவர், ஓரெஸ்டின் மனைவி டார்காவுக்கு அண்ணன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரிய படம் வெளியானபோது, நம் வீட்டு மாப்பிள்ளை தண்ணீர் ஊற்றிய படம் என்று டார்காவின் பிறந்த வீட்டார் பதினொரு பேர் திரண்டு போனார்கள். படம் முடிந்தது. அரங்கம் காலியானது. பதினொரு பேரும் பாப்கார்ன் வாளிகளை மடியில் வைத்துக்கொண்டு ஓடும் பெயர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஏழு நிமிடம் ஓடியது. நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் பெயர் வந்தது. நாயகனின் நாய்க்கு அல்ல, நாயகனைப் பார்த்துக் குரைத்த நாய்க்கு. நாயகிக்குப் பழச்சாறு பிழிந்தவர் பெயர் வந்தது. குழாய் திறந்துவிட்ட நகராட்சிக்கு நன்றி வந்தது. பிறகு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

“வேற பேர்ல இருக்குமோ மாப்ள?” என்றான் போஹ்டான். கனிவாகத்தான் கேட்டான். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னும் அவன் குரல் இப்படித்தான் கனியும்.

லாரி வாடகைக்கு வருவது, ஆட்கணக்கில் சேராது, வாடகைச் சாமான்களின் பெயரைத் திரையில் போடும் வழக்கமில்லை என்று ஓரெஸ்ட் விளக்கினார். விளக்க விளக்க அவருக்கே அது நம்பும்படியாக இல்லை. அன்று வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமலே டார்காவிடம் சொன்னார்: “என் பேர் ஒரு தடவை திரையில வரணும். உங்கண்ணன் அதப் படிக்கணும்.”

“அதுக்கு நீயே ஒரு படம் எடுத்தாதான் உண்டு” என்றாள் டார்கா. கேலியாகத்தான் சொன்னாள். ஓரெஸ்டிடம் கேலி செய்வதில் உள்ள ஆபத்து, அவர் அதை யோசனையாக எடுத்துக்கொள்வார் என்பது.

படப்பிடிப்புத் தொழிலாளர்களின் மன்றம் ஒன்று அங்கே உண்டு. விளக்குக்காரர், தச்சர், சமையல்காரர் எல்லாரும் அதில் உறுப்பினர். வருடா வருடம் செப்டம்பரில் அவர்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். ஒரே நாளில் எடுத்த படமாக இருக்க வேண்டும். எழுத்துப் போடுவது உட்பட எட்டே நிமிடம். எட்டு நிமிடம் முடிந்த நொடியில், நாயகன் வாயைத் திறந்தபடி இருந்தாலும், படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவார்கள். கடைசிப் பத்து நொடிகளை அரங்கமே சேர்ந்து வாய்விட்டு எண்ணும். யார் எடுத்த படம் என்று முன்கூட்டி அறிவிப்பதில்லை, எண் மட்டும்தான். படத்துக்குள் போட்டுக்கொள்ளும் பெயர்தான் பெயர். ஆளைப் பார்த்து ஓட்டுப் போடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

என்ன வகைப் படம் எடுப்பது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். ஜூன் மாதம் ஒரு கம்பளித் தொப்பிக்குள் கையை விட்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். ஒப்பனைக்காரப் பெண்ணுக்குப் பாட்டுப் படம் வந்தது. தச்சருக்கு விண்வெளி வந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓரெஸ்ட் தன் சீட்டைப் பிரித்தார். ‘நகரத் திகில்’ என்று இருந்தது.

“இது சீட்டு இல்ல. என் சர்வீஸ் ரெக்கார்டு” என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவரிடம் தயக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. நாற்பத்து மூன்று திகில்படங்கள் உருவாவதை லாரியின் இருக்கையிலிருந்து கண்ணாலே பார்த்தவர். காத்திருக்கும் நேரங்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் விதிகளைக் குறித்துவைத்திருந்தார். துரத்தப்படுகிறவன் கையில் பெட்டி இருக்கும், பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். தெருவுக்கு ஓட வழி இருந்தாலும் அவன் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவான். துரத்துகிறவன் ஓடவே மாட்டான், நடப்பான், ஆனால் முன்னால் வந்து நிற்பான். போனில் சார்ஜ் நான்கு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சாக்கடை மூடியிலிருந்து ஆவி வர வேண்டும். பூனை ஒன்று பாய்ந்து எல்லாரையும் பயமுறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். இவையெல்லாம் அறுபது பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரே வரியை அடிக்கோடிட்டிருந்தார்: ‘தெரு நனைந்திருந்தால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும்.’

ஆட்கள் வேண்டும். கேமராவுக்கு ஃப்ளெட் வந்தான். இருபது வருடம் பெரிய படங்களில் நடிகர்களின் கண் மங்கலாகாமல் ஃபோகஸ் பிடித்தவன், சொந்தமாகக் கேமரா வைத்திருப்பவன், தேவையில்லாமல் பேசாதவன். துரத்தப்படும் மனிதனுக்கு ஓரெஸ்ட் நேராக டோனட் கடைக்குப் போய் லாயிட் ஷார்ட்ராண்டைப் பிடித்தார். லாயிட் தொழில்முறைப் பிணம். அவனைப் போல மூச்சை அடக்கிக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்க மனிடோபா மாகாணத்தில் ஆளில்லை.

“லாயிட், எனக்கு ஒரு பிணம் வேணும்.”

“எத்தன நாள் பழசு?”

“புதுசுதான். ஆனா சாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஓடணும்.”

லாயிட் காபியைக் கீழே வைத்தான். “ஓடறதா? யோவ், நான் பத்தொம்பது படம் பண்ணிருக்கேன். ஒண்ணுல கூட எந்திரிச்சதில்ல.”

“உன் நடிப்புல அது ஒரு குறைன்னு யாரும் சொன்னதில்லையா?”

“டைரக்டருங்க அழுதிருக்காங்க ஓரெஸ்ட். நான் கெடந்த கெடப்பப் பாத்து அழுதிருக்காங்க.”

“அதே கெடப்புதான் கடைசியில. நடுவுல ஒரு முந்நூறு அடி ஓட்டம்.”

லாயிட் தன் முழங்காலோடு கலந்தாலோசித்துவிட்டுச் சம்மதித்தான்.

துரத்துகிறவர் டார்கா. நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். இடுப்பு வலியால் ஓட முடியாது. விதிப்படி துரத்துகிறவர் ஓடத் தேவையும் இல்லை. கறுப்புத் தொப்பிச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று கேட்டாள்: “நான் எதுக்கு இவன தொரத்தறேன்?”

“அதெல்லாம் சொல்ற வழக்கமில்ல.”

“பெட்டியில என்ன இருக்கு?”

“பெட்டிய யாரும் தெறக்கறதில்ல டார்கா. பக்கம் நாலுல இருக்கு.”

“காரணம் தெரியாம எனக்கு நடக்க வராது. நானே ஒண்ணு வச்சுக்கறேன். இவன் பதினாலு மாசமா புஸ்தகத்தத் திருப்பல.”

ஒத்திகையில் அவள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்தாள். லாயிட் தன்னையறியாமல் இரண்டு அடி பின்வாங்கி, “ரெண்டு நாள் டைம் குடுங்கக்கா” என்றான்.

நகராட்சி அனுமதி ஜூலைக் கடைசி ஞாயிறு, விடியற்காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. ஒரே ஒரு சந்து, நான்கு மணி நேரம். விடியலை இரவாகக் காட்டுவது கேமராவுக்கு ஒரு பொருட்டே இல்லை. சந்தின் கிழக்கு வாயை அடைத்துவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய படம் என்றால் அதற்குத் தடுப்பும் சிவப்புச் சட்டைப் பையன்களும் இருப்பார்கள். ஓரெஸ்டிடம் லாரி இருந்தது. மூன்று தண்ணீரும் அடித்து முடித்து, அதையே குறுக்கே நிறுத்தி அடைத்தார். வேலையும் முடிந்தது, சட்டமும் நிறைவேறியது. இதைவிடக் கச்சிதமாக ஒரு தவறை யாரும் செய்ய முடியாது. ஆனால் அது தவறு என்று அப்போது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் ஒரு மணி நேரம் கொசுக்களுடையது. வின்னிபெக் கொசு படப்பிடிப்புக்கு மரியாதை கொடுக்காது. லாயிட் பெட்டியோடு திகிலாக நிற்க வேண்டிய இடத்தில் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான்.

“குற்ற உணர்ச்சின்னு வச்சுக்கலாம்” என்றான் ஃப்ளெட்.

பிறகு ஓட்டம். லாயிட் ஓடினான் என்று சட்டப்படி சொல்லலாம். பின்னால் டார்கா நிதானமாக நடந்தாள், இரண்டு முறை அவனைத் தாண்டியும் போய்விட்டாள். “மெதுவா நட, அவன் இன்னும் தப்பிச்சிட்டிருக்கான்” என்று ஓரெஸ்ட் கையை ஆட்டினார். மூன்றாவது தடவை எல்லாம் கூடி வந்த நேரத்தில் லாயிட் வழுக்கினான், பெட்டி கீழே விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்து முப்பது பெரோகிகள், வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகள், வதக்கிய வெங்காயத்தோடும் புளித்த கிரீமோடும், ஓரெஸ்டின் மூன்றாவது தண்ணீரின் மேல் உருண்டோடின.



“பெட்டியத் தெறக்க மாட்டாங்கன்னியே” என்றாள் டார்கா. “காலி எடத்த எதுக்கு வீணாக்கணும்னு சாப்பாட்ட வச்சேன்.”

“நாப்பத்து மூணு படத்துல ஒருத்தன் பெட்டியில கூட என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது” என்றார் ஓரெஸ்ட். “இப்பத் தெரியுது.”

வெண்ணெய் படிந்த செங்கல் தண்ணீரை ஏற்காது. சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, மறுபடி முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர், மறுபடி லாரியைக் கிழக்கு வாயில் நிறுத்தி, மணி எட்டேகால். மாடிக்குப் போக நேரமில்லை. விதிப்படி கொண்டுவந்திருந்த பூனை, பெரோகிகளைக் கண்டதும் நடிப்பதை நிறுத்திவிட்டது. மிச்சமிருந்தது லாயிட் விழும் காட்சி.

அந்த ஒரு காட்சியில் லாயிட் தன் ராஜ்யத்துக்குத் திரும்பினான். முட்டி மடிந்தது, தோள் சரிந்தது, கன்னம் ஈரத்தைத் தொட்டது. கேமராவைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு ஃப்ளெட் படுத்துக்கிடந்தான். அந்த நேரம் பார்த்து இரண்டு கிடங்குகளுக்கு நடுவிலிருந்து வெயில் சந்துக்குள் நுழைந்தது. செங்கல் முழுவதும் தீப்பிடித்தது போல் ஆனது. முப்பத்தொரு வருடத்தில் எந்த இயக்குநருக்கும் ஓரெஸ்ட் இப்படி ஒரு தரையைக் கொடுத்ததில்லை. பதினொரு நொடி. கொசுகூட மரியாதையாக இருந்தது.

“கட்” என்றார் ஓரெஸ்ட். சொன்ன பிறகும் ஏதோ குறைந்தது போலிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சத்தம் வருமே, என்ன சத்தம் அது என்று வீடு போகும் வரை யோசித்தார்.

பத்து நாள் கழித்து ஓரெஸ்டும் டார்காவும் ஃப்ளெட் வீட்டு நிலவறையில் அவனோடு மடிக்கணினி முன் உட்கார்ந்தபோது அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்தது. லாயிடின் முகத்துக்கு மேல், தீப்பிடித்த செங்கல்லில், பெரிய ஆரஞ்சு லாரி ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃப்ளெட் படத்தை அங்கேயே நிறுத்தினான்.

“நான் அவன் கண்ண மட்டும்தான் பாத்துட்டிருந்தேன். அதுதான் என் வேல” என்றான் ஃப்ளெட்.

“லாரிய நகத்தறது என் வேல” என்றார் ஓரெஸ்ட். “நகருன்னு சொல்றது என் வேல இல்ல. சொல்லாம எனக்கு நகத்தி வழக்கமில்ல.”

சிக்கல் இதோடு முடியவில்லை. படம் சரியாக எட்டு நிமிடம் வந்திருந்தது. லாயிடின் ஓட்டத்தை ஏற்கெனவே பாதியாக்கியாயிற்று, இன்னும் குறைத்தால் அவன் நிற்பது தெரிந்துவிடும். வேறு எதைத் தொட்டாலும் கதை புரியாது. பெயர் போடப் பதினொரு நொடி வேண்டும். அதே பதினொரு நொடிதான் இந்தக் காட்சி. மறுநாள் படத்தை ஒப்படைக்க வேண்டும்.

“சுலபம்” என்றான் ஃப்ளெட். “இந்த ஷாட்டத் தூக்கு. லாரி தெரியிற ஷாட்ட எந்தப் படத்துலயும் வச்சதில்ல. லாயிட் கால் மடியற எடத்துலயே முடிச்சிட்டு, கறுப்புல உன் பேரப் போடு. எழுதி இயக்கியவர் ஓரெஸ்ட் பிரிஸ்தூபா. இதுக்குத்தான ஆரம்பிச்ச?”

“இது மேலயே பேரப் போட்டா?” என்று டார்கா கேட்டாள்.

ஃப்ளெட் போட்டுக் காட்டினான். வெள்ளை எழுத்துகள் தண்ணீரின் மேல் விலைச்சீட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. ஓரெஸ்ட் தலையை ஆட்டினார். “முப்பத்தொரு வருஷமா எவனெவன் பேரையோ என் தண்ணி மேல எழுதிட்டாங்க. நானே எழுத மாட்டேன்.”

“அப்ப ஒண்ணு உன் பேரு, இல்ல உன் தண்ணி. ரெண்டும் எட்டு நிமிஷத்துல போகாது.”

டார்கா மடிக்கணினியைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள். லாரிக் கதவின் பச்சை எழுத்துகள் நிமிர்ந்தன, ஆனால் வலமிருந்து இடமாகப் போயின. “உன் பேரு இதுல இருக்கு ஓரெஸ்ட். ஆனா எவனாலயும் படிக்க முடியாது.”

“தெரியும்.”

“எங்கண்ணன் பதினோரு டிக்கெட் வாங்கிட்டான்.”

ஓரெஸ்ட் அந்தப் பதினொரு நொடியை மறுபடி ஓட்டச் சொன்னார். வெயில் வந்தது, செங்கல் பற்றிக்கொண்டது. மூன்றாவது தண்ணீர் எங்கும் ஒரு திட்டுக்கூட இல்லாமல் சமமாகப் படிந்திருந்தது. வரிசை பிசகாத வேலை. இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்தால், எந்தத் தண்ணீருக்கு அந்தப் பெயர்?

“தண்ணிய வை” என்றார். “பேரத் தூக்கு.” பிறகு எழுந்து மேலே போய்த் தன் காபியைத் தானே கலக்கிக்கொண்டார்.

செப்டம்பர் போட்டிக்கு மன்றத்தார் இருநூறு பேர் வந்திருந்தார்கள். போஹ்டானும் பரிவாரமும் மூன்றாவது வரிசையை நிரப்பியிருந்தார்கள். “எத்தனாவது படம் மாப்ள? பேர் வருமில்ல? போன தடவ மாதிரி ஏழு நிமிஷம் ஒக்காத்தி வைக்க மாட்டியே?” என்று போஹ்டான் திரும்பிக் கேட்டான்.

“பேர் வராது மச்சான்” என்றார் ஓரெஸ்ட்.

போஹ்டான் ஏதோ சொல்ல வாயெடுத்து, தங்கையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் அவனைப் பதினான்கு மாதம் புத்தகம் திருப்பாதவனைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

ஏழாம் எண். விளக்கு அணைந்தது. நனைந்த சந்தைக் கண்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. லாயிட் இரண்டு காலில் நிற்பதைப் பார்த்ததும் கைதட்டல் எழுந்தது. பத்தொன்பது படங்களில் அவனைத் தூக்கிப் போட்டவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள், அவனுக்கு இவ்வளவு உயரம் உண்டென்று அன்றுதான் கண்டார்கள். அவன் ஓட்டத்துக்குச் சிரித்தார்கள். டார்கா நடந்து வந்ததும் சிரிப்பு நின்றது. ஒருத்தி பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லாயிட் விழுந்தான். கன்னம் ஈரத்தைத் தொட்டது. வெயில் வந்தது.

கூட்டம் எண்ண வேண்டிய நேரம். “பத்து” என்றார்கள். “ஒம்போது” என்றார்கள். எட்டு வரவில்லை. தரையில் ஆரஞ்சு நிறம் தலைகீழாகத் தெரிந்ததும், பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற உதவி இயக்குநர் ஒருவரின் குரல், நாற்பது வருடப் பழக்கத்தில் தானாகவே கிளம்பியது:

“தண்ணி லாரி, ரோட்டுல தெரியிற. நகரு.”

அரங்கம் இடிந்து விழுந்தது போலச் சிரித்தது. அடுத்த நொடி இருநூறு தொண்டையும் அதையே சொன்னது. விளக்குக்காரர், தச்சர், ஒப்பனைக்காரப் பெண், சமையல்காரர், எல்லாரும். எண்ணிக்கையை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. லாரி நகரவில்லை. நகர்த்த வேண்டியவர் ஆறாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வரிசையில் போஹ்டான் மட்டும் சிரிக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பது போல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருடமாகக் கடைவாய்ப் பற்களைச் சின்னக் கண்ணாடியில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் பார்த்தே பிழைத்தவன். அவனுக்கு நேராக இருப்பதைப் படிக்கத்தான் கண்ணாடி வேண்டும்.

“பி-ரிஸ்-தூ-பா” என்றான், காத்திருப்போர் அறையில் அடுத்தவரைக் கூப்பிடுவது போல் உரக்க. “பிரிஸ்தூபா வாட்டர்.” பிறகு பரிவாரத்தைப் பார்த்துத் திரும்பினான். “நம்ம மாப்ள பேரு. அந்தா, கதவுல. எல்லாரும் பாருங்க.”

பத்துத் தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. முன்வரிசைக்காரர்கள் என்னவென்று கேட்டார்கள், சொல்லப்பட்டது, அவர்களும் சாய்ந்தார்கள். விளக்கைப் போட்டபோது அரங்கத்தில் பாதிப் பேருக்குக் கழுத்து நேராக இல்லை.

முதல் பரிசு பாட்டுப் படத்துக்குப் போனது. பனி அள்ளும் மண்வெட்டியைப் பற்றி ஒப்பனைக்காரப் பெண் எடுத்தது, உருக்கமாகத்தான் இருந்தது. ஓரெஸ்ட் பெருந்தன்மையோடு கைதட்டினார். தரை மட்டும் காய்ந்திருந்தது என்று டார்காவிடம் சொன்னார்.

வெளியே வரும்போது போஹ்டான் அவர் தோளில் கை போட்டான். “எத்தன செகண்டு வந்தது மாப்ள?”

“பதினொண்ணு.”

“நாய்க்காரன் பேரு?”

“ரெண்டு” என்றார் ஓரெஸ்ட். “நான் எண்ணியிருக்கேன்.”

செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய படம். அதே வட்டாரம், வேறு சந்து, படத்தில் அதற்குப் பெயர் சிகாகோ. ஓரெஸ்ட் மூன்று தண்ணீரையும் அடித்துவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். தெரு பளபளத்தது. வாக்கி-டாக்கி கரகரத்தது. புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர், போட்டியன்று முன்வரிசையில் இருந்தவள்.

“பிரிஸ்தூபா” என்றாள். “ரோட்டுல தெரியிறீங்க. நகருங்க.”

ஓரெஸ்ட் சாவியைத் திருகினார். லாரியை எடுத்தார். கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்தார்.